நியூயார்க்கில் தொழில்நுட்பக் கல்வி ஆசிரியராக: பட்டம் முதலா, உரிமம் முதலா?

கேள்வி கேட்டவர் கோவையில் இயந்திரவியலில் பி.இ. முடித்து, சில ஆண்டுகள் வடிவமைப்புப் பொறியாளராகப் பணியாற்றியவர். இப்போது கணவரின் வேலை காரணமாக நியூயார்க் மாநிலத்தில் எச்-4 விசாவிலும் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்குரியது), அதற்குரிய வேலை அனுமதியுடனும் வசிக்கிறார். அங்குள்ள அரசுப் பள்ளிகளில் 'டெக்னாலஜி' என்ற பெயரில் நடத்தப்படும் பாடத்துக்கு ஆசிரியராக விரும்புகிறார். எந்த மாஸ்டர்ஸ் பட்டத்தில் சேர வேண்டும், பட்டம் முடிந்ததும் உரிமம் தானாகக் கிடைத்துவிடுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தானாகக் கிடைக்காது. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்தை வழங்குவது அந்தந்த மாநிலம்; நியூயார்க்கில் அது மாநிலக் கல்வித் துறை. பல்கலைக்கழகம் உங்களைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். அதுவும் நீங்கள் சேர்ந்த படிப்பை மாநிலம் உரிமத்துக்கான படிப்பாகப் பதிவு செய்திருந்தால்தான். வேலை தருவதோ மூன்றாவது தரப்பான உள்ளூர்ப் பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு. நம் ஊர் ஆசிரியர் தேர்வு வாரியத்தைப் போல மாநிலம் முழுமைக்கும் தேர்வு நடத்திப் பணியிடம் ஒதுக்கும் அமைப்பு எதுவும் அங்கே இல்லை. எனவே பட்டத்திலிருந்து தொடங்காமல், உங்களுக்கு வேண்டிய உரிமம் எது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுப்பதே பணமும் காலமும் வீணாகாத வழி.

நீங்கள் விரும்பும் பாடம் எது என்பதில் தெளிவு வேண்டியிருப்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'தொழில்நுட்பக் கல்வி' என்பது மாணவர்கள் மரம், உலோகம், பிளாஸ்டிக், மின்சுற்று, வரைபடம், முப்பரிமாண அச்சு ஆகியவற்றைக் கொண்டு பொருள்களை வடிவமைத்து, செய்து, சோதித்துப் பார்க்கும் பாடம். வகுப்பறையில் கணினியைப் பயன்படுத்திப் பிற பாடங்களைக் கற்பிப்பது பற்றிய 'கல்வித் தொழில்நுட்பம்' முற்றிலும் வேறு துறை. இணையவழியில் தாராளமாகக் கிடைக்கும் மாஸ்டர்ஸ் பட்டங்களில் பல இந்த இரண்டாவது துறையைச் சேர்ந்தவை. அவற்றை முடித்தவருக்கு டெக்னாலஜி ஆசிரியர் உரிமம் கிடைப்பதில்லை. கணினி அறிவியலுக்கு நியூயார்க்கில் தனிச் சான்றிதழ் (உரிமத்துக்கு அங்கே சான்றிதழ் என்றே பெயர்) இருக்கிறது. வெல்டிங், வாகனப் பழுதுபார்ப்பு போன்ற தொழிற்கல்விப் பாடங்களுக்கும் தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு. அவற்றில் பட்டத்தைவிடத் தொழில் அனுபவத்துக்கே எடை அதிகம். பல பள்ளி மாவட்டங்கள் சேர்ந்து நடத்தும் போசிஸ் என்ற கூட்டு நிறுவனங்கள் 1948 முதல் நியூயார்க்கில் இயங்குகின்றன. தொழிற்கல்வி ஆசிரியர்கள் பெரும்பாலும் அங்கேதான் பணியாற்றுகிறார்கள்.

இந்தப் பாடத்தின் வரலாற்றையும் சற்று அறிந்து வைத்திருப்பது நல்லது. நேர்முகத் தேர்வில் இது பயன்படும். 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில், மாஸ்கோ தொழிற்கல்லூரி கருவிப் பயிற்சியைப் படிப்படியாகப் பிரித்துக் கற்பித்த முறையைப் பார்த்துவிட்டு, எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ஜான் ரங்கிள் அதைத் தம் நிறுவனத்தில் கொண்டுவந்தார். செயின்ட் லூயிஸ் நகரில் கால்வின் உட்வர்டு கைத்தொழில் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1879-இல். விஸ்கான்சின் மாநிலத்தின் மெனாமினி ஊரில் மரத்தொழில் செல்வரான ஜேம்ஸ் ஹஃப் ஸ்டவுட் 1891-இல் தொடங்கிய பள்ளியே இன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டவுட் வளாகமாக வளர்ந்து, இத்துறைக்கு ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது. கைத்தொழில் பயிற்சியாகத் தொடங்கிய பாடம் இருபதாம் நூற்றாண்டில் 'இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ்' ஆயிற்று. 1939-இல் அந்தப் பெயரில் தொடங்கிய ஆசிரியர் சங்கம் 1985-இல் தன் பெயரில் 'தொழில்நுட்பக் கல்வி'யைச் சேர்த்துக்கொண்டது. 2010-இல் 'பொறியியல்' என்ற சொல்லும் சேர்ந்தது. அந்தச் சங்கம் 2000-இல் வெளியிட்டு 2020-இல் புதுப்பித்த தரநிலைகளே இன்று பெரும்பாலான பாடத்திட்டங்களுக்கு அடிப்படை. இந்த நீண்ட மாற்றத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு தொழிலுக்கு ஆள் தயாரிப்பது இப்பாடத்தின் நோக்கமன்று, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ போகும் மாணவரும் கற்க வேண்டிய பொதுக்கல்வியாகவே இத்துறையினர் இதைக் கருதுகிறார்கள். "தொழிற்சாலை அனுபவம் எனக்கு இருக்கிறது, அதைக் கற்பிப்பேன்" என்று மட்டும் சொல்லும் பொறியாளர் அவர்களுக்குப் பாதிப் பதிலையே தருகிறார்.

இனி உரிமம். நியூயார்க்கில் 'தொழில்நுட்பக் கல்வி' சான்றிதழ் எல்லா வகுப்புகளுக்கும் உரியது. நடைமுறையில் பெரும்பாலான பணியிடங்கள் நடுநிலைப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் இருக்கின்றன. முதலில் கிடைப்பது தொடக்கநிலைச் சான்றிதழ். அது ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் கற்பித்தல் அனுபவமும் மாஸ்டர்ஸ் பட்டமும் பெற்று நிரந்தரத் தன்மையுள்ள தொழில்முறைச் சான்றிதழுக்கு உயர வேண்டும். அதன் பிறகும் ஐந்தாண்டுக்கு 100 மணி நேரம் தொடர்பயிற்சி பெற்றாக வேண்டும். ஆக, தொடக்கநிலைச் சான்றிதழுக்கு மாஸ்டர்ஸ் கட்டாயமில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் ஆசிரியராக நீடிக்க அது தேவை. உங்களிடம் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் இருப்பதால், தொடக்கநிலைச் சான்றிதழையும் மாஸ்டர்ஸ் பட்டத்தையும் ஒரே படிப்பில் முடித்துக்கொள்வது பொருத்தமானது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'தொழில்நுட்பக் கல்வியில் எம்.எஸ். எட்.' (கல்வியியல் மாஸ்டர்ஸ்) என்று ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் இருக்கின்றன. ஏற்கெனவே தொடக்கநிலைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஆசிரியர் தம் சான்றிதழை உயர்த்திக்கொள்வதற்காகப் படிப்பது ஒன்று. அதில் கற்பித்தல் பயிற்சி இருக்காது, முதல் உரிமத்துக்குப் பரிந்துரையும் கிடைக்காது. வேறு துறையிலிருந்து வருபவரை முதல் உரிமம் வரை கொண்டுசெல்வது மற்றொன்று. விளம்பரப் பக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விண்ணப்பிக்கும் முன் ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்: "உரிமம் எதுவும் இல்லாத ஒருவர் இந்தப் படிப்பை முடித்தால், நியூயார்க்கின் தொடக்கநிலைத் தொழில்நுட்பக் கல்விச் சான்றிதழுக்கு நீங்கள் அவரைப் பரிந்துரைப்பீர்களா?" மாநிலக் கல்வித் துறை தான் பதிவு செய்த படிப்புகளின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கிறது, அதிலும் சரிபார்க்கலாம். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்பில் சேர நினைத்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. உரிமம் வேண்டிய தொழில்களுக்கான படிப்பு எந்தெந்த மாநிலத்தின் நிபந்தனைகளை நிறைவு செய்கிறது என்று மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

நியூயார்க்கில் இத்துறைக்கு நெடுங்காலமாக ஆசிரியர்களை உருவாக்கி வருபவை ஆஸ்வீகோவிலும் பஃபலோவிலும் உள்ள மாநிலப் பல்கலைக்கழக வளாகங்கள். நாடு முழுவதிலும் இத்தகைய ஆசிரியர் கல்வித் துறைகள் கடந்த சில பத்தாண்டுகளில் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. பட்டறை நடத்தச் செலவு அதிகம், மாணவர் எண்ணிக்கையோ குறைவு. அதன் மறுபக்கம் உங்களுக்குச் சாதகமானது: ஓய்வுபெறும் டெக்னாலஜி ஆசிரியருக்கு மாற்று கிடைக்காமல் திணறும் பள்ளி மாவட்டங்கள் ஊர்ப்புறங்களில் நிறைய. ஆங்கில ஆசிரியர் பணியிடம் ஒன்றுக்கு வரும் விண்ணப்பக் குவியல் இங்கே வராது.

சேர்க்கையின்போது உங்கள் பி.இ. மதிப்பெண் பட்டியலைப் பாட வாரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். பாடப்பொருள் சார்ந்து ஏறத்தாழ ஒரு முதன்மைப் பாடப்பிரிவுக்குரிய 30 கிரெடிட் (படித்த பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) இருக்கிறதா என்பது கணக்கு. பொறியியல் வரைகலை, பொருளறிவியல், உற்பத்தித் தொழில்நுட்பம், மின்னியல் அடிப்படை போன்றவை பெரும்பாலும் எண்ணிக்கையில் சேரும். வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் பள்ளிப் பாடத்துடன் அவ்வளவாக ஒட்டாதவை என்று ஒதுக்கப்படலாம். விந்தை என்னவென்றால், நம் மாணவர்கள் பொதுவாக அலட்சியமாக முடித்துவிட்டு மறந்துபோகும் முதலாண்டுப் பட்டறைப் பயிற்சி, அதாவது தச்சு, வெல்டிங், தகட்டு வேலை, குழாய் வேலை ஆகியவை அடங்கிய அந்தச் செய்முறைத் தாள், இங்கே மிகுந்த மதிப்புப் பெறுகிறது. தாளின் தலைப்பை மட்டும் பார்த்தால் மதிப்பீட்டாளருக்கு எதுவும் புரியாது. அந்த ஆண்டுக்குரிய பாடத்திட்டப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். குறைகிற கிரெடிட்டுகளை அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில், அதாவது ஈராண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரியில், குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். எந்தப் பாடம் ஏற்கப்படும் என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மட்டும் அவசியம்.

ஒரு பொறியாளரிடம் உண்மையில் இல்லாதது பாட அறிவன்று, பட்டறையை நிர்வகிக்கும் பழக்கம். இருபதுக்கு மேற்பட்ட பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். பட்டை ரம்பத்தில் ஒருவர் பலகையை அறுக்கிறார். துளையிடும் இயந்திரத்தில் இன்னொருவர் பொருளைப் பிடிப்பானில் இறுக்காமல் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நண்பரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் ஒருவரே. எந்த இடத்தில் நின்றால் எல்லா இயந்திரங்களும் கண்ணில் படும், அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த இயந்திரத்துக்கு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்த பிறகே மாணவரை அனுமதிக்க வேண்டும், அந்தத் தேர்வுத் தாள்களை ஏன் தேதியிட்டுக் கோப்பில் வைத்திருக்க வேண்டும் என்பவையெல்லாம் இந்தப் படிப்பின் மையப் பாடங்கள். விபத்து நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் கோப்புதான். கணினித் திரையில் வடிவமைத்துப் பழகியவர்கள் லேசர் வெட்டு இயந்திரத்தோடும் முப்பரிமாண அச்சுப்பொறியோடும் எளிதாக ஒன்றிவிடுகிறார்கள். மர ரம்பத்தின் முன் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் படிக்கும் காலத்திலேயே போக்கிக்கொள்ளுங்கள். இதனாலேயே முழுக்க முழுக்க இணையவழியில் நடக்கும் படிப்பை, பட்டறை அனுபவம் இல்லாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கற்பித்தல் கோட்பாடுகளை வீட்டிலிருந்து படிக்கலாம்; ரம்பத்தைப் படிக்க முடியாது.

கற்பித்தல் பயிற்சி நம் பி.எட். பயிற்சியைவிடக் கடுமையானது. அதற்கு முன்பாகவே பள்ளிகளில் 100 மணி நேரம் கள அனுபவம் பெற்றிருக்க வேண்டும். பிறகு ஏறத்தாழ ஒரு பருவம் முழுவதும், பள்ளி நாள் முழுவதும், உரிமம் பெற்ற ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் கற்பிக்க வேண்டும். பொதுவாக இதற்கு ஊதியம் கிடையாது. அந்த மாதங்களில் வேறு வேலையும் பார்க்க இயலாது. குழந்தை பராமரிப்பு, கார், காலை ஏழரை மணிக்கே தொடங்கும் பள்ளி நேரம் ஆகியவற்றைக் குடும்பத்தில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய காலம் அது. உங்கள் பகுதியில் டெக்னாலஜி ஆசிரியர்கள் குறைவாக இருந்தால் மேற்பார்வை ஆசிரியர் கிடைப்பதே சிக்கலாகலாம். எனவே இடம் ஒதுக்குவது பல்கலைக்கழகமா, நீங்களே தேட வேண்டுமா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள்.

தேர்வுகளைப் பொறுத்தவரை, பாடப்பொருள் தேர்வு ஒன்றும், மாற்றுத்திறனாளிகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் உள்ளிட்ட எல்லா மாணவர்களுக்கும் கற்பிப்பது பற்றிய தேர்வு ஒன்றும் எழுத வேண்டும். காணொளியும் கட்டுரைகளும் தொகுத்து அனுப்ப வேண்டியிருந்த எட்-டிபிஏ என்ற மதிப்பீட்டை நியூயார்க் 2022-இல் கைவிட்டது. இப்போது பல்கலைக்கழகமே அதற்கு ஈடான மதிப்பீட்டை நடத்துகிறது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதற்காகப் பணம் கட்டிப் பயிற்சி பெற வேண்டாம். இவற்றோடு குழந்தைகள் மீதான கொடுமையை அடையாளம் காணுதல், பள்ளி வன்முறைத் தடுப்பு, மாணவர் கண்ணியச் சட்டம் ஆகியவை குறித்த குறுகிய பயிலரங்குகளும், கைரேகைச் சோதனையும் உண்டு. இவை எளியவை.

பொறுமையில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இடைநிலை 'பி' சான்றிதழ் என்று அழைக்கப்படுவதைப் பெற்று, ஒரு பள்ளியில் ஊதியத்துடன் முழுநேர ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே மாஸ்டர்ஸ் படிக்கலாம். அந்த வழியை நடத்தும் பல்கலைக்கழகமும், உங்களை எடுத்துக்கொள்ளும் பள்ளியும் ஒருசேர அமைய வேண்டும். முதல் ஆண்டிலேயே பட்டறையைத் தனியாகப் பொறுப்பேற்கும் நிலை வரும் என்பதால், அமெரிக்கப் பள்ளிக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்காதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் ஓராண்டு மாற்று ஆசிரியராகவோ வகுப்பறை உதவியாளராகவோ இருந்து பாருங்கள். பள்ளி ரோபாட்டிக்ஸ் அணிக்கு வழிகாட்டியாகத் தன்னார்வத்துடன் செல்வதும் நல்ல நுழைவாயில். பல மாவட்டங்களில் அந்த அணியைக் கவனிப்பவர் டெக்னாலஜி ஆசிரியர்தான்.

விசா பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். எச்-4 விசாவில் படிப்பதற்குத் தடையில்லை. 2015 முதல் நடைமுறையில் உள்ள எச்-4 வேலை அனுமதி இருந்தால் பள்ளியிலும் வேலை செய்யலாம். ஆனால் அந்த அனுமதி கணவரின் எச்-1பி நிலையையும் கிரீன் கார்டு விண்ணப்பத்தின் கட்டத்தையும் சார்ந்தது. செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடியும் பள்ளி ஆண்டின் நடுவில் அது காலாவதியானால் வகுப்பை விட்டு விலக நேரிடும். காலாவதிக்கு 180 நாள் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அந்த முதல் நாளையே உங்கள் கடைசி நாளாகக் கருதுங்கள். இதைத் தவிர, ஆசிரியர் உரிமத்துக்கே குடியுரிமை சார்ந்த நிபந்தனை விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அம்பாக் எதிர் நார்விக் என்ற அந்த வழக்கு நியூயார்க்கின் ஆசிரியர் சட்டம் பற்றியதேதான். மாநிலங்கள் இந்த நிபந்தனைகளை அவ்வப்போது தளர்த்தியும் மாற்றியும் வந்திருக்கின்றன. எனவே உங்கள் விசா வகையைக் குறிப்பிட்டு, மாநிலக் கல்வித் துறையின் சான்றிதழ்ப் பிரிவிடம் எழுத்துவழிப் பதிலை வாங்கிய பிறகே முதல் பருவக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

கணவரின் வேலை வேறு மாநிலத்துக்கு மாறக்கூடும் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒரு மாநில உரிமம் மற்றொரு மாநிலத்தில் அப்படியே செல்லாது. மாநிலங்களுக்கிடையே ஒப்பந்தம் உண்டு என்றாலும், போய்ச் சேரும் மாநிலம் கூடுதல் தேர்வையோ பாடத்தையோ கேட்கலாம். நிபந்தனைகளும் பெரிதும் வேறுபடுகின்றன. 2001-லேயே பள்ளிப் பாடத்திட்டத்தில் பொறியியலைச் சேர்த்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில், இளநிலைப் பட்டமும் மாநிலத் தேர்வுகளில் தேர்ச்சியும் இருந்தாலே தற்காலிக உரிமம் பெற்றுக் கற்பிக்கத் தொடங்கலாம். டெக்சாஸில் மாஸ்டர்ஸ் தேவையே இல்லை. மேரிலாந்தில் உயர்நிலைப் பள்ளி முடிக்கக் கணினி அறிவியல், பொறியியல், தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றில் ஒன்றில் ஒரு கிரெடிட் வேண்டும் என்ற விதி இருப்பதால் பாடத்துக்குத் தேவை இருக்கிறது. ஓரிரு ஆண்டுகளுக்குள் இடம்பெயரும் வாய்ப்பு வலுவாக இருந்தால், முழு மாஸ்டர்ஸில் இப்போதே இறங்காமல், எந்த மாநிலத்துக்கும் பொருந்தக்கூடிய பட்டறைப் பாடங்களை மட்டும் சமுதாயக் கல்லூரியில் முடித்து வைப்பது அறிவுடைமை.

ஊதியத்தைப் பற்றிச் சுருக்கமாக: பள்ளி மாவட்டங்களின் ஊதிய அட்டவணை, பணியாண்டுகளையும் பட்டத்தையும் கொண்டு அமைந்தது, மாஸ்டர்ஸ் இருந்தால் உயர்ந்த வரிசையில் தொடங்குவீர்கள். அட்டவணை பொது ஆவணம் என்பதால் எந்த மாவட்டத்துடையதையும் பார்க்கலாம். வடிவமைப்புப் பொறியாளராக நீங்கள் ஈட்டக்கூடியதைவிட அது குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, கோடை விடுமுறை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். கற்பிக்க உறுதியளிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும் கூட்டாட்சி டீச் உதவித்தொகை குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உரியது. எச்-4 நிலையில் அதை நம்ப வேண்டாம். பெறத் தகுதி வந்த பிறகும் கவனம் தேவை, ஏனெனில் படிப்பு முடிந்த எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள், வறுமை மிகுந்த பகுதிப் பள்ளியில், தேவை மிகுந்த பாடம் ஒன்றைக் கற்பிக்கத் தவறினால் அந்தத் தொகை வட்டியுடன் கடனாக மாறிவிடும்.

இன்றே தொடங்கக்கூடிய வேலை, இந்தியாவிலிருந்து ஆவணங்களை வரவழைப்பது. மற்ற எல்லாம் இதற்காகக் காத்திருக்கும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்றின் மூலம் பாடவாரி மதிப்பீடு செய்ய வேண்டும். பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை உரிமத்துக்குப் போதாது. எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பல்கலைக்கழகமும் மாநிலமும் ஏற்கும் என்று இரு தரப்பிடமும் கேட்டுக்கொண்டு, இருவருக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரட்டைச் செலவைத் தவிர்க்கலாம். அந்த நிறுவனத்துக்கு மதிப்பெண் சான்றுகள் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறையிலோ நேரடி இணையவழியிலோ செல்ல வேண்டியிருக்கும். உங்கள் கையிலுள்ள நகல்கள் ஏற்கப்படமாட்டா. தன்னாட்சிக் கல்லூரியில் படித்திருந்தால் மதிப்பெண் பட்டியல் கல்லூரியிடமும் பட்டச் சான்று பல்கலைக்கழகத்திடமும் இருக்கக்கூடும்; இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். திருமணத்துக்குப் பின் கடவுச்சீட்டில் பெயரோ தலைப்பெழுத்தின் விரிவோ மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கான சான்றையும் உடன் அனுப்புங்கள். கோவையில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து நேரில் போகச் சொல்வது, மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வரை காத்திருப்பதைவிட விரைவாக முடியும்.